குமரி மேற்கில் ஒரு சந்தைத் தெரு: பாதி இடித்து, பாதி காத்து

எந்த ஊர், என்ன தெரு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில் பழைய சந்தையையும் அதை ஒட்டிய கடைத்தெருவையும் புதுப்பித்த விவரம் இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். அங்கே வாடகை மனுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வணிகர் சங்கம் கூட்டிய ஆலோசனைக் குழுவில் நானும் இருந்தேன்.

இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை நகர்ந்தாலும் கடைத்தெரு அப்படியே நின்றது. வெட்டுக்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு, முன்பக்கம் ஷட்டருக்குப் பதிலாக வரிசையாகக் கழற்றி மாட்டும் நிரைப்பலகை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். அதுவரை ஏத்தங்குலையும் மரச்சீனிக் கிழங்கும் கருப்பட்டியும் ரோடு வழியாக வந்து இறங்கிய இடங்களில் இந்தத் தெருவும் ஒன்று. தெருவின் நடுவே ஒரு வாசல். உள்ளே போனால் சந்தை. காய்கறிக்கு ஒரு தகரக் கொட்டகை, மீனுக்கு ஒரு கான்கிரீட் கொட்டகை, பின்னால் பழைய வண்டிப்பேட்டை.

தேய்ந்தது எப்படி

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. முதலில் பஸ் நிலையம் நெடுஞ்சாலைப் பக்கம் போனது. பஸ்ஸில் இறங்கி சந்தைக்குள் நுழைந்து, சாமான் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டம் அதோடு குறைந்தது. துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை எல்லாம் பஸ் நிலையத்தைத் தொடர்ந்து போயின. தெருவில் தங்கியது மளிகை, பாத்திரம், நாட்டு மருந்து, தேங்காய்க் கடை, பூட்டுச் சாவி ரிப்பேர் போன்றவை.

எல்லை தந்த லாபமும் ஒரு கட்டத்தில் போனது. இரண்டு மாநிலங்களின் விற்பனை வரி வேறு வேறாக இருந்த காலத்தில் சில சாமான்களை இந்தப் பக்கம் வந்து வாங்குவது கேரள வீடுகளுக்குக் கட்டுப்படியானது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வரி வித்தியாசமும் போனது, வணிகவரிச் சோதனைச் சாவடியும் போனது. கூட்டம் குறைந்ததற்கு வியாபாரிகள் எல்லோரும் இந்தத் தேதியைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தெருவில் மாடி இருந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். உரிமையாளர்களின் பிள்ளைகள் வளைகுடாவிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தார்கள். மேலே ஆள் இல்லாத தெரு, இருட்டியதும் கதவைச் சாத்திவிடும்.

அப்புறம் 2020 ஊரடங்கு. நெரிசலைக் குறைக்க தமிழ்நாட்டின் பல ஊர்களில் செய்தது போல இங்கும் சந்தையைத் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். ஊருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானம். சில மாதம் கழித்துச் சந்தை திரும்பியபோது, வியாபாரிகளில் சிலர் திரும்பவே இல்லை. வாடிக்கையாளர்களும் அதற்குள் வீட்டுப் பக்கத்துக் கடை, வேனில் வரும் காய்கறி என்று பழகிவிட்டார்கள். பின்னால் நாங்கள் எடுத்த பெரிய முடிவு ஒன்றுக்கு இந்த அனுபவம்தான் ஆதாரமாக நின்றது.

நிர்வாகம் கொண்டுவந்த திட்டம்

மாநில நிதியில் சந்தையைப் புதிதாகக் கட்ட வாய்ப்பு வந்ததும், உள்ளாட்சி நிர்வாகம் வழக்கமான வரைபடத்தைக் காட்டியது. சந்தை முழுவதையும் தெருவோரம் உள்ள உள்ளாட்சிக் கடைகளோடு சேர்த்து இடிப்பது. தரைத்தளம், முதல்தளம், கீழே பார்க்கிங் என்று ஒரு காம்ப்ளெக்ஸ் கட்டுவது. வேலை முடியும் வரை எல்லோரையும் ஊருக்கு வெளியே, அதே பள்ளி மைதானத்துக்கு அருகே தகரக் கொட்டகையில் உட்காரவைப்பது. முடிந்த பிறகு கடைகள் ஏலம்.

திட்டத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மீன் கொட்டகையின் கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஓடை அடைத்து, மழையில் கழிவுநீர் காய்கறிக்குள் வந்தது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இதையெல்லாம் ஒரே டெண்டரில் முடிக்க ஒரு பொறியாளர் ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் "ஏலம்" என்ற சொல் காதில் விழுந்ததும் சங்கம் கடையடைப்பு அறிவித்தது. இரண்டு தலைமுறையாக ஒரே கடையில் இருப்பவர், வெளியூர்ப் பணத்தோடு ஏலத்தில் எப்படிப் போட்டி போடுவார்?

கடையடைப்புக்குப் பின் நடந்த பேச்சில்தான் எங்கள் குழு உருவானது. மாற்றுத் திட்டம் கொடுக்க நிர்வாகம் சிறிது அவகாசம் தந்தது.

பார்த்தவை

முதலில் செய்தது தெருவைப் பார்ப்பது மட்டுமே. விடியற்காலை தொடங்கி இரவு வரை, சாதாரண நாளும் பண்டிகைக்கு முந்தைய நாளும்.

தெரு ஷிப்ட் முறையில் இயங்கியது. விடியுமுன் மொத்த வியாபாரம்: லாரி, சுமட்டுக்காரர்கள், ஏத்தங்குலை இறக்கம். எட்டு மணிக்குப் பிறகு வீட்டுச் சாமான் வாங்குவோர். மதியம் தெரு தூங்கும். நாலு மணிக்குக் கடற்கரை ஊர்களிலிருந்து மீன்காரப் பெண்கள் வந்து சேர, இரண்டு மணி நேரம் கூட்டம் நெரியும். ஏழரைக்கு மேல் ஒரு டீக்கடை மட்டும்.

சந்தைக்குள் வரும் பலர் முன்வாசல் வழியே வரவில்லை. ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே ஒரு முடுக்கு இருந்தது. பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அது குறுக்கு வழி. நிர்வாகத்தின் வரைபடத்தில் அந்த முடுக்கின் மேல் ஜெனரேட்டர் அறை வரைந்திருந்தது.

தெருமுகப்பு ஓட்டுக் கட்டிடங்கள் வெளித்தோற்றத்துக்கு நொடித்திருந்தாலும், ஒரு மூத்த ஆசாரியைக் கூட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் உத்தரம் உறுதியாகத்தான் இருந்தது. ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோலில் சில இற்றுப்போயிருந்தன, ஓடுகள் உடைந்திருந்தன. இடிந்து விழும் அபாயம் உண்மையில் இருந்தது புதிய கட்டிடமான கான்கிரீட் மீன் கொட்டகையில். இதைச் சொன்னபோது பொறியாளர் ஒருவர் சிரித்தார். சுத்தியலால் தட்டிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

இன்னொன்று, கடைகளின் வாடகை நிலை. உள்ளாட்சிக் கடைகளில் பெயர் ஒருவருக்கு, வியாபாரம் இன்னொருவருக்கு என்று பல. தனியார் ஓட்டுக் கடைகளிலோ, வாய்ப்பேச்சு வாடகை, எழுத்தே கிடையாது. சந்தை வாசலிலும் தெருவோரத்திலும் உட்காரும் பெண்கள், சந்தைக் குத்தகைக்காரருக்குத் தினமும் தரைக்காசு கொடுத்துவந்தார்கள். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. காம்ப்ளெக்ஸ் வரைபடத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை.

பழைய யோசனைகள் மேசைக்கு வந்தபோது

குழுவில் நகரமைப்பு படித்த ஒரு இளைஞர் இருந்தார். ஊர் நடுவைப் புதுப்பிக்கும் வேலைக்கு இரண்டு வம்சாவளி உண்டு என்று அவர் விளக்கியது விவாதத்தின் போக்கை மாற்றியது.

ஒன்று, மொத்தமாக இடித்துக் கட்டும் வழி. 1850-களில் பாரிஸில் ஓஸ்மான் தொடங்கிய அகலச் சாலைகளிலிருந்து, 1949-ம் ஆண்டு அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் நடந்த நகரப் புதுப்பிப்பு வரை அதுதான். பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதி அப்படித்தான் துடைத்தெடுக்கப்பட்டது. அங்கே இருந்த குடும்பங்கள் சிதறிப்போயின. புதிய கட்டிடங்களுக்கு வந்தவர்கள் வேறு வர்க்கம். 1961-ல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் இந்த முறையைத்தான் கடுமையாகத் தாக்கினார். பழைய கட்டிடங்களின் குறைந்த வாடகையில்தான் சின்ன வியாபாரமும் புது முயற்சியும் பிழைக்க முடியும் என்பது அவர் வாதத்தில் ஒரு முக்கியப் பகுதி. நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

மற்றது நம் மண்ணிலேயே பேசப்பட்டது. 1914-ல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் ஸ்காட்லாந்து நகரமைப்பாளர் பாட்ரிக் கெடிஸ் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. வேறு பொருட்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள். அதே காலத்தில் மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றி அவர் அறிக்கை எழுதினார். தஞ்சாவூரில், நெரிசலான பகுதியை நேர்கோட்டுத் தெருக்களால் வெட்டிப் பிளக்கும் பொறியாளர் திட்டத்தை மறுத்தார். முதலில் ஊரை நடந்து ஆய்வு செய். தேறாத கட்டிடத்தை மட்டும் எடு. கிடைத்த இடத்தைச் சிறு முற்றமாக விடு. மற்றதைப் பழுது பார். செலவும் குறையும், ஆளும் வெளியேற மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. 1970-களில் இத்தாலியின் போலோனா நகரம், குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் பழைய மையப்பகுதி வீடுகளைச் சீரமைக்க முயன்றதும் இந்த வழியில்தான்.

வண்டியே வராத தெருவாக மாற்றலாமா என்ற கேள்வி சூடாகப் பேசப்பட்டது. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெருவை 1962-ல் நடப்பவர்களுக்கென்று மாற்றியபோதும் வியாபாரிகள் எதிர்த்தார்கள், அது நிலைத்துவிட்டது. ஆனால் கட்டிடக் கலைஞர் விக்டர் க்ரூயன் திட்டத்தின்படி 1959-ல் அமெரிக்காவின் கலமசூவில் வண்டி வராமல் தடுக்கப்பட்ட கடைத்தெரு, 1998-ல் மறுபடி வண்டிக்குத் திறந்துவிடப்பட்டது. பக்கத்திலேயே கோழிக்கோடு மிட்டாய்த்தெரு 2017-ல் புதுப்பிக்கப்பட்டு வண்டி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2019-ல் சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்திருந்தது. சங்கத்தில் சிலர் மிட்டாய்த்தெருவுக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். திரும்பி வந்த ஒரு பாத்திரக் கடைக்காரர் சொன்னது: "தெரு அழகுதான் சார். ஆனா அது சாயங்காலம் சுத்திப் பாக்க வாற கூட்டம். எனக்கு வாறது அண்டாவும் குட்டுவமும் வாங்குற கூட்டம். கையில தூக்கிட்டு நடப்பானா?" அதற்குப் பதில் யாரிடமும் இல்லை.

முடிவுகளும் காரணமும்

தெருமுகப்பு ஓட்டுக் கடைகளை இடிப்பதில்லை. உள்ளே மீன் கொட்டகையையும் தகரக் கொட்டகையையும் மட்டும் இடித்துக் கட்டுவது. இதில் நிர்வாகம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இணங்கியது. கீழ்த்தளப் பார்க்கிங் கைவிடப்பட்டதால் எஸ்டிமேட் இறங்கியது முக்கியக் காரணம். ஆழத் தோண்டினால் பக்கத்து வெட்டுக்கல் சுவர்களுக்கு என்ன ஆகும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

வேலையை மூன்று கட்டமாகச் செய்யக் கேட்டோம். ஒப்பந்ததாரர்கள் மூன்று முறை ஆள் இறக்க மாட்டார்கள், விலை ஏறும் என்றார்கள். இரண்டு கட்டத்தில் முடிவானது: முதலில் காய்கறி, பிறகு மீன். தற்காலிக இடம் பள்ளி மைதானம் வேண்டாம், பின்னால் இருக்கும் வண்டிப்பேட்டையே போதும். இதற்காகத்தான் அதிகம் சண்டை போட்டோம். 2020-ல் போன வாடிக்கை திரும்பவில்லை என்பதை வியாபாரிகளே கடைக் கணக்கோடு வந்து சொன்னார்கள். வண்டிப்பேட்டையில் நெரிசல் இருக்கும், தூசி இருக்கும். ஆனால் வாங்குகிறவர் அதே முடுக்கு வழியாக வந்துவிடுவார். ஜெனரேட்டர் அறை இடம் மாறியது.

திரும்பி வருபவர் பட்டியலை இடிக்கும் முன்பே, புகைப்படத்தோடு இரு தரப்பும் கையெழுத்திட்டுத் தயாரிப்பது இன்னொரு முடிவு. தெருவோரப் பெண்களுக்கு 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் கைகொடுத்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. 50 ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும், தானாக உருவான 'இயற்கைச் சந்தை'யைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். பாரம்பரியச் சந்தை அறிவிப்பு கிடைக்கவில்லை. கணக்கெடுப்பு நடந்தது, சான்றிதழும் வந்தது.

வண்டியை முழுக்கத் தடுக்கவில்லை. சரக்கு இறக்கம் காலை எட்டு வரை, அதன் பின் ஒருவழி, தெருவோரம் நிறுத்தக் கூடாது. பாத்திரக் கடைக்காரர் வாதம் வென்றது என்றும் சொல்லலாம்.

மாடிகளில் மறுபடி குடும்பங்களைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியதை யாரும் பொருட்படுத்தவில்லை. தனியார் சொத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நடந்தது

முதல் கட்டம் தாமதமானது. குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அஸ்திவாரம் இரண்டிலும் நனைந்தது. ஆனாலும் காய்கறிப் பகுதி நன்றாகவே வந்தது. வண்டிப்பேட்டையில் கிடந்த காலத்தில் வியாபாரம் குறைந்தாலும் செத்துப்போகவில்லை. பட்டியலில் இருந்தவர்களில் ஓரிருவர் தவிர எல்லோரும் திரும்பி வந்தார்கள். புதிய ஓடை வேலை செய்கிறது. கழிப்பறைக்குப் பூட்டுப் போடாமல் பார்த்துக்கொள்ள சங்கமே ஒரு பெண்ணை நியமித்திருக்கிறது.

மீன் பகுதி வேறு கதை. வரைபடத்தில் இடுப்பு உயரத்தில் டைல்ஸ் பதித்த மேடை. விற்பவர் மேடைக்குப் பின்னால் நின்று விற்பதாகக் கணக்கு. பார்க்கச் சுத்தமாக இருந்தது. மீன்காரப் பெண்கள் இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு, கடவத்தை, அதாவது மீன் கூடையை, தூக்கிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் ஒரு மூதாட்டி சொன்னார்: "கடப்புறத்துல இருந்து பஸ்ஸுல நின்னுகிட்டே வாறோம் சாரே. இங்கயும் நின்னா காலு என்னத்துக்கு ஆகும்? மேடையில ஏறி இருந்தா இறங்க ஒராளு வேணும்." உட்கார்ந்து மீன் வெட்டித் தருவதுதான் அவர்கள் தொழில் முறை. வாங்குகிறவரும் மேலிருந்து குனிந்து பார்த்து, செதிளைத் தொட்டுத்தான் சாளையோ அயிலையோ வாங்குவார். போதாததற்கு, டைல்ஸில் கழுவிய தண்ணீர் சரிவு போதாமல் தேங்கியது. பிறகு ஒரு வரிசை மேடையை உடைத்து, ஒரு சாண் உயரத் திண்டாக மாற்றினார்கள். அந்த வரிசை மட்டும் நிறைந்திருக்கிறது.

வாடகையில் எதிர்பார்த்த சிக்கல் வந்தது. திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருந்தது. எந்த வாடகைக்கு என்பது எழுத்தில் இல்லை. புதிய கட்டிடத்துக்குப் புதிய மதிப்பீடு என்று நிர்வாகம் சொல்ல, பாதிப்பேர் பழைய வாடகையைக் கட்டி ரசீது வாங்கியும், மீதிப்பேர் கட்டாமலும் நாள் தள்ளுகிறார்கள்.

யாரும் அவ்வளவாக யோசிக்காத விளைவு தெருமுகப்பில் வந்தது. ஓடை சரியாகி, விளக்கு வந்து, கூட்டம் கொஞ்சம் திரும்பியதும் ஓட்டுக் கடைகளுக்கு விலை ஏறியது. ஒரு உரிமையாளர் பழுது பார்க்கச் சம்மதித்திருந்த கடையை விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்து, கண்ணாடி முகப்போடு மூன்று மாடி எழுப்பினார். இன்னும் இரண்டு பேர் வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். லண்டனில் உழைக்கும் மக்களின் பகுதிகளில் வசதியானவர்கள் நுழைந்து பழைய ஆட்களை வெளியே தள்ளியதைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-ல் எழுதிவைத்தார்; ஜேக்கப்ஸும் தன் பங்குக்கு, ஒரு தெரு நன்றாக ஓடுவதே அதன் பலவகைத் தன்மையைத் தின்றுவிடும் என்று எச்சரித்திருந்தார். எங்கள் கூட்டங்களில் இடிப்பைப் பற்றிப் பேசிய நேரத்தில் கால்வாசிகூட இதற்குப் போகவில்லை.

காலி செய்யச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் நாட்டு மருந்துக் கடைக்காரர். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ம் ஆண்டு சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் பதிவையும் மையமாக வைத்த சட்டம் அது. தலைமுறையாக வாய்ப்பேச்சில் இருந்தவர் கையில் காட்ட எதுவும் இல்லை. அவர் முடுக்குக்கு எதிரே ஒரு சிறிய அறைக்கு மாறிவிட்டார். அங்கும் இப்போது ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கிறார்.

வண்டி ஒழுங்கு முதல் சில மாதம் நன்றாக நடந்தது. போக்குவரத்துக் காவலர் வராத நாட்களில் பழையபடி ஆகிவிடுகிறது. முதல்தளம் கட்டாததால், பல ஊர் காம்ப்ளெக்ஸ்களில் பூட்டிக் கிடக்கும் மாடிக் கடைகள் என்ற பிரச்சினை மட்டும் இங்கே இல்லை.

அடுத்த ஊரில் என்றால்

வாடகையை அஸ்திவாரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். திரும்பி வருபவர் பட்டியலிலேயே முதல் சில ஆண்டுகளின் வாடகையையும் அதன் பிறகு ஏறும் விதத்தையும் எழுதியிருந்தால் இப்போதைய மனுக்களில் பெரும்பாலானவை வந்திருக்காது. கடையடைப்பு நடந்த நேரத்தில் சங்கத்தின் பேரம் பேசும் வலு அதிகம். வேலை முடிந்த பிறகு அது நிர்வாகத்தின் கையில்.

மீன் மேடைக்குச் செங்கலும் பலகையும் வைத்து ஒரு மாதிரி செய்து, நாலைந்து பெண்களை ஒரு வாரம் உட்காரச் சொல்லியிருந்தால் போதும். செலவு சொற்பம். வரைபடத்தைக் கூட்டத்தில் விரித்துக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். வரைபடத்தில் இடுப்பு உயரம் எது என்று படித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

தெருமுகப்பில் தனியார் உரிமையாளர்களோடு பேச்சு தனியாக நடந்திருக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவில் ஒரு பங்கைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, பதிலுக்கு இருக்கும் வாடகைக்காரருக்குச் சில ஆண்டு பதிவு ஒப்பந்தம் கேட்பது நடைமுறையில் முடியாத காரியம் அல்ல. இது இல்லாமல் ஓட்டுக் கூரையைக் காப்பது என்பது, அடுத்து வாங்குபவருக்கு நல்ல இடத்தைத் தயார் செய்து கொடுப்பதாகவே முடிகிறது.

சங்கம் இப்போது மீதமுள்ள ஓட்டுக் கடைக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய உதவுகிறது. உரிமையாளர்களில் சிலர் கையெழுத்திட்டுவிட்டார்கள், சிலர் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். மீன் பகுதியில் மற்ற வரிசைகளையும் திண்டாக மாற்ற நிதி கேட்டு அனுப்பிய கடிதம் நிர்வாகத்தின் பரிசீலனையில் இருக்கிறது.